‘பரவிடுச்சு’ என்றால் என்ன? கல்லீரல் புற்றுநோயும் மரபணு மதகுகளும்

மேட்டூரில் திறந்த தண்ணீர் நீடாமங்கலத்துக்கு வந்து சேர்ந்த வாரம் அது. ஆனி மாதம். பெரியப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. “பரவிடுச்சாம்ப்பா” என்றார் டீக்கடையில் ஒருவர். “அவங்க அப்பாருக்கும் காமாலைதானே? ஜீன்லயே இருக்கு, என்ன பண்றது” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அன்று சாயங்காலம் நான் போனபோது, பெரியப்பா காபி குடிக்கிற எவர்சில்வர் டம்ளர் மட்டும் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின்மேல் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. மற்ற பாத்திரமெல்லாம் வழக்கம்போல உள்ளே கூடையில் இருந்தது. பெரியம்மா யார் மனசையும் நோகடிக்கத் தெரியாதவர். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடு, ‘பரவும்’ என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள், பயந்துவிட்டார்.

மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவன் நான். மரபணு வெளிப்பாடு என்ற பாடத்தை எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த டம்ளரைப் பார்த்தபோதுதான், இதை என் தெருவுக்கு ஒருநாளும் சொல்லவில்லையே என்று உறைத்தது. ‘ஜீன்ல இருக்கு’, ‘பரவிடுச்சு’ என்ற இரண்டு சொல்லையும் நாம் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறோம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே தண்ணீர், வேறு வேறு வயல்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. வருவது ஒரே தண்ணீர். எந்த ஷட்டர் எத்தனை அடி தூக்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த ஊரில் இன்றைக்கு நாற்றங்கால் நனையும், எந்த ஊர் முறைக்குக் காத்திருக்கும் என்பது முடிவாகும். வாய்க்கால் வெட்டியிருப்பது வேறு, அதில் தண்ணீர் ஓடுவது வேறு. ஆறு மாதம் காய்ந்து கிடந்தாலும் வாய்க்கால் வாய்க்கால்தான், ஆனால் நெல் விளையாது.

மரபணுவும் அப்படித்தான். நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அந்த இழையில், ஒரு குறிப்பிட்ட பொருளைச் செய்வதற்கான குறிப்பு எழுதியிருக்கிற பகுதிக்கு மரபணு என்று பெயர். ஜீன் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தப் பொருள் பெரும்பாலும் ஒரு புரதம். தசை, ஜீரண நீர், ரத்தத்தின் சிவப்பு எல்லாமே புரதங்களின் வேலை. மனிதருக்குப் புரதம் செய்கிற மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன.

இங்கேதான் பலரும் வியப்பார்கள். கண்ணில் இருக்கிற செல்லுக்கும் கல்லீரலில் இருக்கிற செல்லுக்கும் ஒரே 20,000 மரபணுக்கள்தான். இன்சுலின் செய்யும் குறிப்பு உங்கள் கல்லீரல் செல்லிலும் இருக்கிறது, ஆனால் அங்கே அந்த மதகு மூடியிருக்கிறது. கணையத்தில் திறந்திருக்கிறது. ரத்தத்தில் ஓடுகிற அல்புமின் என்ற புரதத்தின் மதகு கல்லீரலில் முழுதாகத் திறந்திருக்கிறது, கண்ணில் மூடியிருக்கிறது.

மரபணு இருப்பது ஒன்று, அது வாசிக்கப்பட்டு வேலைக்கு வருவது இன்னொன்று. வேலைக்கு வருவதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம்.

ஷட்டரைத் தூக்குவது யார்?

கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா வாங்கப் போனால் மூலப் பதிவேட்டைக் கையில் தந்துவிடுவதில்லை. நகல் எடுத்துத் தருவார்கள், அதை வைத்து வங்கியில் பயிர்க்கடன் வாங்குகிறோம். செல்லிலும் மூலம் வெளியே வராது. டி.என்.ஏ., செல்லுக்குள் தனி அறைபோல இருக்கிற உட்கருவுக்குள்ளேயே இருக்கும். தேவையான மரபணுவுக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கப்படும். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். நகல் வெளியே வந்ததும் அதைப் படித்துப் புரதம் கட்டப்படும். நகல் நிறைய எடுத்தால் புரதமும் பொதுவாக நிறையக் கிடைக்கும். எடுக்கவே இல்லையென்றால் அந்த மரபணு இருந்தும் இல்லாததுபோலத்தான்.

எந்த மரபணுவுக்கு நகல் எடுப்பது என்று தீர்மானிப்பதும் சில புரதங்களே. நம் ஊரில் ஷட்டர் சாவியை வைத்துக்கொண்டு சைக்கிளில் போகிற லஸ்கரைப்போல அவை டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்து திறக்கும், அல்லது மூடும். ஒரு மரபணு இப்படி ஆள் வைத்துத் திறந்து மூடப்படுகிறது என்பதைப் பாரிசில் ழாக் மோனோ, பிரான்சுவா ஜேக்கப் இருவரும் ஒரு பாக்டீரியாவில் 1961-ல் காட்டினார்கள். 1965-ல் அதற்கு நோபல் கிடைத்தது.

இன்னொரு காவலும் உண்டு. நகல் எடுத்த பிறகும் அதைப் படிக்கவிடாமல் மறிக்கிற மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் கொடுத்தார்கள். கல்லீரலில் இந்த வகைத் துண்டு ஒன்று ஏராளமாக இருந்து செல்லை ஒழுங்கில் வைத்திருக்கிறது. பல கல்லீரல் புற்றுக்கட்டிகளில் அதன் அளவு குறைந்துபோகிறது. குறைந்த கட்டிகள் பரவும் குணம் கூடியவையாக இருக்கின்றன.

பிறந்தபின் மூடிய ஒரு மதகு

பெரியப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு வரியைச் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தார்கள். ஏ.எஃப்.பி. அதாவது ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன். எதிரே இருந்த எண் பெரியது. “இது என்னடா, சர்க்கரையா?” என்று கேட்டார் பெரியப்பா.

மரபணு வெளிப்பாட்டை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தாய் வயிற்றில் இருக்கும்போது சிசுவின் கல்லீரல் இந்தப் புரதத்தை நிறையச் செய்கிறது. பிறந்தபிறகு அந்த மதகு மெல்ல இறங்கி, பெரியவர்களின் ரத்தத்தில் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைந்துவிடும். மரபணு அழிந்துபோவதில்லை, மூடிக் கிடக்கிறது. கல்லீரல் செல் புற்றாக மாறும்போது பலருக்கு இது திரும்பத் திறந்துகொள்கிறது. 1963-ல் அபெலெவ் என்ற சோவியத் விஞ்ஞானி கல்லீரல் கட்டி வந்த எலிகளில் இதைப் பார்த்தார். அடுத்த ஆண்டே தத்தாரினோவ் மனிதர்களிடம் கண்டார். அறுபது வயதுக்காரரின் கல்லீரல், பிறக்காத குழந்தையின் மதகைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தச் சிவப்புச் சுழியின் அர்த்தம் அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாக் கல்லீரல் புற்றிலும் இந்த எண் ஏறுவதில்லை. கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே ஏறும், கல்லீரல் அழற்சியிலும் ஏறலாம். அதனால் இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு யாரும் இடிந்துபோக வேண்டாம், நிம்மதியும் அடைய வேண்டாம்.

மதகு உடைவதும் மதகு திறப்பதும்

‘ஜீன்ல இருக்கு’ என்று டீக்கடையில் சொன்னவர், அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது என்ற பொருளில்தான் சொன்னார். கல்லீரல் புற்றில் பெரும்பாலானவை அப்படி வருவதில்லை. வாழ்நாளில், அந்த ஒரு கல்லீரலுக்குள், சில செல்களின் மரபணுக்களில் ஏற்படுகிற சேதம் அது. டி.என்.ஏ.யில் எழுதியிருப்பதே மாறிப்போனால் மரபணுப் பிறழ்வு என்கிறோம். ஷட்டரின் பல்சக்கரம் ஒடிந்து, இறக்கவே முடியாமல் போவதைப்போல. பிறழ்வு இல்லாமலும், ஆள் தப்பாகத் தூக்கியதால் மட்டும் மதகு திறந்து கிடக்கலாம். அது வெளிப்பாட்டு மாற்றம். புற்றில் இரண்டும் கலந்தே நடக்கின்றன.

சேதம் செய்வது யார் என்பதும் தெரிந்த கதைதான். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், வருஷக்கணக்கான குடி, சர்க்கரையும் உடல் பருமனும் சேர்ந்து கல்லீரலில் கொழுப்பு படிவது. இவை கல்லீரலைத் திரும்பத் திரும்பப் புண்ணாக்குகின்றன. புண் ஆற ஆறத் தழும்பு கட்டி, கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது. சிரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு முறை ஆறும்போதும் செல்கள் புதிதாகப் பிரிய வேண்டும், ஒவ்வொரு பிரிவிலும் பிழை நேர வாய்ப்பு உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமி இன்னொன்றும் செய்யும். தன் டி.என்.ஏ. துண்டை நம் டி.என்.ஏ.க்குள்ளேயே செருகிவிடும். செருகிய இடத்துக்குப் பக்கத்தில் எந்த மதகு இருக்கிறதோ அது தாறுமாறாகத் திறக்கலாம்.

ஈரத்தோடு மூட்டை கட்டிய வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளர்கிற ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சினும் இந்தப் பட்டியலில் உண்டு. பூசணம் பூத்த கடலையைக் கழுவி வறுத்துத் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள், திறப்பதும் மூடுவதுமே வேறுபாடு. சேதம் சேரச் சேர, மூட வேண்டியது திறக்கிறது, திறந்திருக்க வேண்டியது மூடுகிறது. அப்படித்தான் கட்டி உண்டாகிறது.

பிடியை விடுகிற செல்

கட்டி இருந்த இடத்திலேயே இருந்தால் பல சமயம் வெட்டி எடுத்துவிடலாம். பொதுவாகப் புற்றில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பரவல். அது எப்படி நடக்கிறது?

கல்லீரல் செல்கள் தனித்தனியாக மிதப்பவை அல்ல. பக்கத்துச் செல்லோடு கொக்கி போட்டதுபோல இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கொக்கிகளில் முக்கியமான ஒரு புரதம் இ-கேட்ஹெரின். பரவப்போகிற புற்றுச்செல்லில் இந்த மரபணுவின் வெளிப்பாடு குறைகிறது. கொக்கி கழன்றுபோகிறது. அதே சமயத்தில் வேறு சில மதகுகள் திறக்கின்றன. ஒன்று செல்லுக்கு நகரும் வடிவத்தைக் கொடுக்கும். இன்னொன்று, சுற்றியிருக்கிற நார்த்திசுவை அரித்து வழி உண்டாக்கும் புரதத்தைச் செய்யும். வேறொன்று புதிய ரத்தக் குழாய்களைக் கட்டியின் பக்கம் இழுக்கும். வாய்க்கால் கரையில் திருட்டு மடை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தத் திருட்டு மடையை அடைக்கிற பெவாசிசுமாப் என்ற மருந்து, நம் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் இன்னொரு மருந்தோடு சேர்த்து, முற்றிய கல்லீரல் புற்றுக்கு 2020-லிருந்து கொடுக்கப்படுகிறது.

இந்த வேலை எதையும் புற்று புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் ஆகப்பெரிய வியப்பு. தாய் வயிற்றில் உறுப்புகள் உருவாகும்போது செல்கள் இப்படித்தான் பிடியை விட்டு இடம் மாறின. காலில் கருக்கரிவாள் பட்டுப் புண் ஆறும்போதும் தோல் செல்கள் கொஞ்ச நேரம் பிடியைத் தளர்த்தி நகர்ந்து புண்ணை மூடுகின்றன. நம் உடம்பின் பழைய வேலைத் திட்டத்தையே புற்று வேளை கெட்ட வேளையில் திறக்கிறது. பரவலுக்கென்றே தனியாக ஒரு பிறழ்வு பொதுவாகப் பிடிபடாததும் இதனால்தான். பல செல்கள் புது இடத்தில் போய் ஒட்டியதும் கொக்கி மதகைத் திரும்பத் திறந்து, பழையபடி கூட்டமாக வளர்கின்றன. திறந்ததை மூடவும் மூடியதைத் திறக்கவும் முடிகிறது. உடைந்த மதகாக மட்டும் இருந்தால் அது முடியாது.

ஆகாயத்தாமரை போகிற வழி

வெண்ணாற்றில் தண்ணீர் வந்ததும் மேலே எங்கோ தேங்கிக் கிடந்த ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாகப் பிய்த்துக்கொண்டு வரும். எங்கே போய் நிற்கும்? அடுத்த ஷட்டரில். ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தால், கறுத்த வேர்க்குஞ்சத்துக்குப் பக்கத்தில் குட்டிச் செடி தொற்றிக்கொண்டிருக்கும். நின்ற இடத்தில் பத்து நாளில் பாய் விரித்துவிடும்.

புற்றுச்செல்லும் ஓட்டத்தோடுதான் போகிறது. கல்லீரல் புற்று முதலில் கல்லீரலுக்குள்ளேயே, அங்கிருக்கிற ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து பக்கத்துப் பகுதிகளில் முளைக்கும். கல்லீரலை விட்டு வெளியேறும் ரத்தம் இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலின் மயிரிழைக் குழாய்களுக்குள் நுழைகிறது. அந்தச் செல்லுக்கு அதுதான் அடுத்த ஷட்டர். கல்லீரலை விட்டு வெளியே பரவும்போது நுரையீரலில் அதிகம் காணப்படுவது அதனால்தான்.

ஓட்டம் மட்டும் போதாது. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-ல், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் படித்தார். கல்லீரலில் பரவியது மிக அதிகம், ரத்த ஓட்டம் தாராளமாக உள்ள மண்ணீரலில் மிகக் குறைவு. விதை எல்லாத் திசையிலும் போகும், ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். நமக்கு இது புதிதில்லை. களிமண்ணில் முளைக்கிற விதை உவர்நிலத்தில் கருகும். பிற்காலத்தில் ஐசாயா ஃபிட்லர் சுண்டெலிகளின் ரத்தத்தில் புற்றுச்செல்களைச் செலுத்திப் பார்த்தபோது, ஆயிரத்தில் ஒன்றுகூட நிலைத்துக் கட்டியாகவில்லை. கட்டியிலிருந்து நாலு செல் ரத்தத்தில் கலந்தாலே கதை முடிந்தது என்பது உண்மையல்ல.

ஓட்டத்தைப் புரிந்துகொண்டால் இன்னொரு பெரிய குழப்பமும் தெளியும். குடலிலிருந்து சத்தோடு வருகிற ரத்தம் முழுக்க ஒரு பெரிய சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் வருகிறது. கல்லீரலுக்குக் கிடைக்கும் ரத்தத்தில் முக்கால் பங்கு அதுதான். அதனால் குடலில் தொடங்கிய புற்று பரவும்போது பெரும்பாலும் கல்லீரலில் வந்து நிற்கும். ஊரில் இதையும் ‘கல்லீரல் கேன்சர்’ என்கிறார்கள். அது கல்லீரலில் குடியேறிய குடல் புற்று. அந்தச் செல்களைச் சோதித்தால் குடல் செல்லின் மதகுகள் திறந்திருக்கும், கல்லீரல் செல்லின் புரதங்கள் இராது. இரண்டுக்கும் மருந்து வேறு, வைத்தியம் வேறு. டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இது கல்லீரல்லயே ஆரம்பிச்சதா, வேற எங்கிருந்தாவது வந்ததா?” பெரியப்பாவுக்கு அது கல்லீரலிலேயே தொடங்கியது. பக்கத்தில் இரண்டு சிறு முளைகள் இருந்தன. டாக்டர் சொன்ன ‘பரவல்’ அவ்வளவுதான்.

கட்டியைப் படித்துப் பார்த்தால்

ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஒரே தடவையில் அளக்கும் சில்லுகள் 1990-களில் வந்தன. செல்லிலிருக்கும் ஆர்.என்.ஏ. நகல்களை எண்ணுவதுதான் அடிப்படை. நகல் அதிகமென்றால் மதகு அதிகம் திறந்திருக்கிறது.

2003-ல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களின் கல்லீரல் கட்டிகளை இப்படி அளந்தார்கள். பரவிய முளைக்கும் அதைப் பெற்ற தாய்க்கட்டிக்கும் வெளிப்பாடு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. பரவாத கட்டிகள் வேறு மாதிரி இருந்தன. அதுவரை, கட்டி வளர்ந்து முற்றிய பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒரு செல் துணிந்து கிளம்பும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். கிளம்பும் குணம் தாய்க்கட்டியிலேயே முன்கூட்டித் தொடங்கிவிடுகிறது என்று இந்த ஆய்வு காட்டியது. முக்கியமாக முன்னே நின்ற மரபணு ஆஸ்டியோபான்டின் என்ற புரதத்தினுடையது. அந்தப் புரதத்தை மறித்தபோது சோதனை எலிகளில் நுரையீரல் பரவல் குறைந்தது. எலியில் குறைந்தது உடனே மனிதருக்கு மருந்தாகிவிடாது. ஆனால் ‘பரவுமா?’ என்பதைக் கட்டியின் அளவை மட்டும் பார்த்துச் சொல்லாமல், அதன் மதகுகளைப் படித்துச் சொல்ல முடியும் என்ற வழி திறந்தது.

‘கத்தி பட்டா பரவிடும்’

இந்தப் பயத்தால் அறுவையைத் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே சொன்னதைப் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும், பரவ வைப்பது கத்தி அல்ல. கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுக்கும்போது, ஊசி போன வழியில் செல் ஒட்டுவதற்குச் சிறிய வாய்ப்பு உண்டு என்பது உண்மை, டாக்டர்களுக்கும் அது தெரியும். சிரோசிஸ் இருக்கிறவர்களுக்குப் பல சமயம் ஊசியே போடாமல், மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனை வைத்தே உறுதிசெய்துவிடுகிறார்கள். சிறிதாக இருக்கும்போது வெட்டி எடுப்பதும், தகுதி உள்ளவர்களுக்குக் கல்லீரல் மாற்றுவதும்தான் முழுதாகக் குணமாக்க இருக்கிற பெரிய வழிகள். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் புற்றுக்கு நாம் கொடுக்கிற தண்ணீர்.

டம்ளருக்கு வருவோம்

அம்மை பரவுகிறது என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு. புற்று பரவுகிறது என்றால் அதே உடம்புக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகப் போய்விட்டது, அதனால்தான் அந்தக் கொல்லைப்புறக் கல்லில் டம்ளர் கிடந்தது. புற்றுச்செல் எச்சிலிலோ தொடுவதிலோ அடுத்தவரிடம் தொற்றாது. இதை நான் பெரியம்மாவிடம் சொன்ன அன்றைக்கே டம்ளர் உள்ளே வந்துவிட்டது.

ஆனால் முழுக்கச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது. பெரியப்பாவுக்குக் கட்டிக்குக் காரணம் ஹெபடைடிஸ் பி. புற்று தொற்றாது, அந்தக் கிருமி தொற்றும். அதுவும் டம்ளராலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ தொற்றாது. ரத்தத்தால், உடலுறவால், பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்கு, ஒருவருக்குப் போட்ட பிளேடையோ ஊசியையோ இன்னொருவருக்குப் போடுவதால் தொற்றும். அண்ணன் தம்பிகளுக்குச் சேர்ந்து இருந்தால் அதைப் பார்த்து ‘ஜீன்’ என்று ஊர் நினைப்பதில் ஆச்சரியமில்லை. பல வீடுகளில் அது தாய் வழியாகக் குழந்தையிலேயே வந்த கிருமி. 1960-களில் பாருக் பிளம்பர்க் இந்தக் கிருமியின் தடத்தைக் கண்டுபிடித்த பிறகு தடுப்பூசி வந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடுகிற அந்த முதல் ஊசி, ஒரு வகையில் புற்றைத் தடுக்கும் ஊசி. கிருமி இல்லாத பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

ஆடி மாதம் பெரியம்மா, பிள்ளைகள், சித்தப்பாக்கள் எல்லாரும் ரத்தம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இல்லை, ஊசி போட்டாயிற்று. சின்னச் சித்தப்பாவுக்கு இருந்தது. கல்லீரலில் கட்டி எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். “ஆடிக்கு ஒண்ணு, தைக்கு ஒண்ணு” என்று அவர் தன் கணக்கில் வைத்துக்கொண்டார். தை ஸ்கேன் சம்பா அறுப்போடு முட்டுகிறது. அறுப்பு மிஷின்காரரிடம் நாள் பேசும்போதே, அந்த ஒரு நாளை விட்டுப் பேசியிருக்கிறார்.